கேமராவில் தெரியும் வெள்ளை உருண்டையும் கறுப்புப் பொட்டும்: என்னவென்று நாமே கண்டுபிடிப்பது எப்படி

ஆடி மாதம் பிறந்தால் போதும், என் போனுக்கு இந்த மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சத்துவாச்சாரியிலிருந்து ஒன்று, தொரப்பாடியிலிருந்து ஒன்று, குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்று. ராத்திரி ஒன்றரை மணிக்கு வாசல் கேமராவில் வெள்ளையாக ஒரு உருண்டை மிதந்து போகிறது, மாடிப்படியில் புகை மாதிரி ஏதோ இறங்குகிறது, மலைக்கு மேலே பச்சையாக ஒரு விளக்கு நிற்கிறது, வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு மூன்று நாளாக அதே இடத்தில் இருக்கிறது. கூடவே ஒரு வரி வரும்: "தம்பி, இது இன்னான்னு கொஞ்சம் பாத்து சொல்லுப்பா."

காட்பாடியில் கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எனக்குத் தொழில். பயந்துபோய்ப் படம் அனுப்புகிறவர்களைப் பார்த்து நான் சிரித்ததில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, படத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் படத்தில் இருப்பதெல்லாம் வாசலில் இருந்ததாக ஆகிவிடாது. அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இது எங்கே இருக்கிறது? கேமராவுக்கு உள்ளேயா, கேமராவின் மூக்கு நுனியிலா, இல்லை உண்மையாகவே தூரத்தில் வெளியிலா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க என்னை மாதிரி ஆள் வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம்.

முதலில் ஃபுட்டேஜைக் காப்பாற்றுங்கள். கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும், உங்கள் வீட்டில் அது 7 நாளா 15 நாளா என்பது டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது. எல்லாரும் செய்கிற தப்பு, மானிட்டரை போனில் படம் பிடித்து அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. மானிட்டரைப் போனில் எடுக்கும்போதே அலை அலையாகக் கோடு வந்துவிடும், வாட்ஸ்அப் இன்னும் கொஞ்சம் நசுக்கிவிடும், எனக்கு வந்து சேர்வதில் எது கேமராவின் வேலை, எது போனின் வேலை என்று பிரிக்கவே முடியாது. டிவிஆரில் ஒரு பென் டிரைவைச் செருகி, அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்னும் 5 நிமிடம் பின்னும் சேர்த்து வீடியோவாகவே பேக்கப் எடுங்கள். ஒற்றைப் படத்தை மட்டும் எடுத்து வைத்தால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அசைவில்தான் பதில் இருக்கிறது. டிவிஆர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் தள்ளி ஓடுகிற டிவிஆர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஸ்டிக்கர் பொட்டுச் சோதனை. வீட்டில் இருக்கும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மானிட்டர் கண்ணாடியில் அந்த விசித்திரமான புள்ளி தெரியும் இடத்தின் மேலேயே ஒட்டுங்கள். ஒருவரை ஏணி வைத்து ஏறச்சொல்லி, கேமராவை நான்கு விரற்கடை அளவு இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். படத்தில் தென்னை மரம், கேட், எதிர்வீட்டுச் சுவர் எல்லாம் நகரும். புள்ளியும் அவற்றோடு சேர்ந்து நகர்ந்தால் அது வெளியே இருக்கிறது. மரம் நகர்ந்தும் புள்ளி மட்டும் பொட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தால் அது கேமராவில் இருக்கிறது. அவ்வளவுதான். மூன்று நாளாக வானத்தில் நின்ற அந்தக் கறுப்புப் பொட்டு இந்தச் சோதனையில் ஒரே நிமிடத்தில் பிடிபட்டது, கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தூசி அது.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதிகம் வருவதும் அதிகம் பயமுறுத்துவதும் ராத்திரிப் படங்கள்தான், அதனால் அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

மிதக்கும் வெள்ளை உருண்டைகள்

இரவில் கேமரா பார்ப்பது நம் கண் பார்க்கும் வெளிச்சத்தில் அல்ல. பொழுது சாய்ந்ததும் கேமராவுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அது படத்தைப் பிடிக்கும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) தடுப்புக் கண்ணாடி விலகுகிற சத்தம். அதே நேரத்தில் லென்ஸைச் சுற்றியிருக்கும் ஐஆர் எல்இடிகள் எரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான கேமராக்களில் இது 850 நானோமீட்டர் வகை, இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் வகை என்றால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆக, உங்கள் வாசல் நமக்கு இருட்டு, கேமராவுக்கோ அது டார்ச் அடித்துப் பார்க்கும் இடம். அந்த டார்ச் லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, எல்லா வம்பும் அதனால் வருவதுதான்.

ஒரு கொசு லென்ஸுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவர் 3 மீட்டர் தூரத்தில். சுவர் 30 மடங்கு தள்ளியிருக்கிறது, வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும், அதனால் சுவரின் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுவதைப்போல ஏறக்குறைய 900 மடங்கு வெளிச்சம் அந்தக் கொசுவின் மேல் விழுகிறது. கூடவே, லென்ஸ் ஃபோகஸ் ஆகியிருப்பது கேட்டுக்கு, கொசுவுக்கு இல்லை. ஃபோகஸில் இல்லாத ஒரு பிரகாசமான புள்ளி படத்தில் வட்டமாக விரியும். இப்போது பாருங்கள்: கண்ணைப் பறிக்கிற வெள்ளை, ஓரம் மங்கிய உருண்டை, எடையே இல்லாத மாதிரி மிதப்பு, திடீரென்று தோன்றி திடீரென்று மறைவது. பேய் என்று சொல்லி அனுப்பப்படும் எல்லா அடையாளமும் அதில் இருக்கிறது. தூசியும் மழைத்துளியும் மார்கழிப் பனியும் இதே வேலையைத்தான் செய்யும்.

இதை நான் வாயால் விளக்குவதில்லை, செய்து காட்டிவிடுகிறேன். ராத்திரி வாசல் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பழைய கோணிப்பையை எடுத்து, கேமராவுக்கு ஓர் அடி முன்னால் இரண்டு உதறு உதறுங்கள். உள்ளே வந்து மானிட்டரைப் பாருங்கள். நூறு உருண்டைகள் தெரியும், சிலது ஏறும், சிலது இறங்கும், ஒன்றிரண்டு உங்களைப் பார்த்தே வருவது போல இருக்கும். ஒரு பாட்டி இதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத மொதல்லயே காட்டியிருந்தீனா நான் பத்து நாளு தூங்கியிருப்பேனே கண்ணு" என்றார். அதற்குப் பிறகுதான் புதுக் கேமரா மாட்டும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே கோணி உதறிக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

முதல் மழை பெய்த அன்று சாயங்காலம் ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம், படம் முழுக்க வெள்ளைக் கோடாக இருக்கும். உருண்டையாகத் தெரிய வேண்டியது ஏன் கோடாகிறது என்றால், இருட்டில் கேமரா ஒரு ஃபிரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு, அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கிறது, நொடியில் 25-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் பறக்கும் பூச்சி அந்த நேரத்துக்குள் 4 சென்டிமீட்டர் போய்விடும். கேமராவுக்குப் பக்கத்தில் 4 சென்டிமீட்டர் என்பது படத்தில் பெரிய நீளம். இறக்கை மேலும் கீழும் அடிப்பதால் கோட்டின் இரண்டு பக்கமும் அலை அலையாகத் துடுப்பு மாதிரி தெரியும். "பறக்கும் பாம்பு" என்று சொல்லி எனக்கு வந்த படங்கள் எல்லாமே இப்படி நீண்டுபோன அந்துப்பூச்சிகள்தான்.

புகை மாதிரி இறங்குவது பெரும்பாலும் சிலந்தி நூல். கேமரா பக்கம் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், கேமரா முகப்பிலேயே வலை கட்டும். காற்றில் ஒற்றை நூல் ஆடினால் படத்தில் அது வெள்ளைத் திரை ஆடுவது மாதிரி விழும். நூல் இழை கண்ணுக்குத் தெரியாது, அதனால் "போய்ப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை" என்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், தெரியும். மிருதுவான பெயிண்ட் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை முகப்பைத் தட்டிவிட்டால் போதும். திரும்பத் திரும்பத் தொல்லை வந்தால், கேமராவின் சொந்த ஐஆரை செட்டிங்கில் அணைத்துவிட்டு, தனியாக ஒரு ஐஆர் விளக்கை 4, 5 அடி தள்ளி மாட்டுங்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் தூசியின் மேல் வெளிச்சம் விழாது, உருண்டையும் வராது. செலவு கொஞ்சம் ஆகும், ஆனால் இதுதான் உருப்படியான வழி.

அரை உருண்டை மூடி போட்ட டோம் கேமராவில் படத்தின் நடுவில் வெள்ளை வளையம் தெரிந்தால், அது அதன் சொந்த எல்இடி வெளிச்சம் டோம் கண்ணாடியின் உட்பக்கத்தில் பட்டுத் திரும்புவது. உள்ளே லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், அது டோமோடு ஒட்டி உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றிச் சரியாக மாட்டினால் போய்விடும்.

வெள்ளைச் சேலை

இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் ஒரு குடும்பம் வீடு மாற இருந்தது.

கிணறு இருக்கிற ஒரு பழைய வீடு. ராத்திரி 2 மணிக்கு வெள்ளை உடையில் ஒரு பெண் பின்கட்டிலிருந்து வந்து, கிணற்றுப் பக்கம் போய், அங்கே கரைந்து மறைகிறாள். மூன்று ராத்திரி பதிவாகியிருந்தது. வீட்டுக்கார அம்மா இருட்டிய பிறகு பின்பக்கம் போவதையே விட்டுவிட்டார். நான் பார்த்தபோதும் அப்படித்தான் தெரிந்தது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஒரு கணம் சில்லிட்டது. குடித்தனம் இருந்த அக்காவை மெதுவாகக் கேட்டேன். "நான்தான்பா மோட்டார் நிறுத்தப் போவேன். ஆனா நான் வெள்ளை கட்டல, கறுப்பு நைட்டிதான் போட்டுகினு போனேன்" என்றார்.

அதுதான் விஷயம். கறுப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அந்தச் சாயம் விழுங்குவதால் வருவது. பல சாயங்கள் அகச்சிவப்பை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பிவிடும். அதனால் பகலில் கறுப்பாக இருக்கும் துணி ஐஆரில் வெளுத்துத் தெரியும். எல்லாத் துணியும் இல்லை, சாயத்தைப் பொறுத்தது. அன்றைக்குக் கொடியில் காய்ந்த துணிகளை அப்படியே ராத்திரி விட்டுவைக்கச் சொல்லி மானிட்டரில் காட்டினேன். பகலில் கறுப்பாக இருந்த ஒரு பள்ளிக்கூட பேன்ட் சாம்பல் வெள்ளை, அந்த நைட்டி பளீர் வெள்ளை, பக்கத்திலேயே இன்னொரு கறுப்புத் துண்டு கறுப்பாகவே இருந்தது. துளசிச் செடி பனி கொட்டியது போல வெளுத்திருந்தது, ஏனென்றால் பச்சை இலைகள் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும்.

கரைந்து மறைந்தது எப்படி? இருட்டில் படம் பொரிப் பொரியாக இருக்கும் என்பதால் கேமரா அடுத்தடுத்த பல ஃபிரேம்களைக் கலந்து சுத்தம் செய்கிறது, செட்டிங்கில் 3டி டிஎன்ஆர் என்று இருக்கும். நிற்கிற சுவருக்கு இது நல்லது. நடக்கிற ஆள் என்றால் பழைய ஃபிரேமில் இருந்த உருவமும் புதுசும் கலந்து, உடம்பு வழியாகச் சுவர் தெரியும், கால் இருக்காது, பின்னால் வால் மாதிரி இழுக்கும். கிணற்றுப் பக்கம் ஐஆர் எட்டாத இருட்டு, அங்கே போனதும் உருவம் மங்கிப் போனது. அன்று ராத்திரி அந்த அக்காவை அதே நைட்டியில் அதே வழியில் நடக்கச் சொன்னோம். வீட்டுக்கார அம்மா மானிட்டர் முன்னால் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் அந்த அக்காவுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்களும் இதையே செய்யுங்கள். அதே இடம், அதே நேரம், அதே விளக்கு நிலைமை, வீட்டில் இருக்கும் ஆளை அதே உடையில் நடக்க விடுங்கள். டிஎன்ஆரைப் பாதியாகக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள். எந்த விளக்கத்தையும் விட இது வீட்டாரின் மனசில் நிற்கும்.

இரண்டு விளக்கு ஜோடியாக, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நகர்ந்தால் அது பூனை, நாய் கண். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, வெளிச்சத்தை வந்த வழியே திருப்பிவிடும். வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் குறுக்கே பறந்தால் ஆந்தையா என்று பாருங்கள்.

பகலில் வரும் கறுப்புப் பொட்டு

இது பெரும்பாலும் அழுக்குதான், ஆனால் அழுக்கு எங்கே என்பது முக்கியம். நம் ஊரில் ரோட்டோரக் கேமராவுக்கு ஒரு மாதத்திலேயே தூசிப் படலம் கட்டிவிடும். ஒரு வெள்ளைத் தாளை லென்ஸை மறைக்கிற மாதிரி ஓர் அடி தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பெரிதாக, ஓரம் மங்கிய நிழல் என்றால் வெளிக் கண்ணாடியில். சின்னதாக, ஓரம் தெளிவாக இருந்தால் உள்ளே சென்சாருக்குப் பக்கத்தில். வெளியில் இருப்பதைத் துடைக்க வேண்டும், ஆனால் காய்ந்த துணியால் நேரடியாகத் தேய்க்காதீர்கள், மணல் கீறல் விழும், கீறல் விழுந்த டோம் ராத்திரியில் முழுக்கப் புகைமூட்டமாகத் தெரியும். முதலில் ரப்பர் பல்ப் ஊதியால் ஊதுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி. தின்னர், பெட்ரோல் கிட்டவே வரக்கூடாது, டோம் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை நீங்கள் தொட வேண்டாம், கடையில் கொடுங்கள்.

ஓரம் கத்தரித்த மாதிரி நேர் சதுரமான கறுப்புக் கட்டம் தெரிந்தால் செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்க முன்பு யாராவது போட்டிருப்பார்கள். சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, சாம்பல் நிறத்தில் வந்து போனால் நெட்வொர்க்கில் தகவல் தவறிப் போகிறது, ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள்.

இன்னொரு கறுப்புப் பொட்டு இருக்கிறது, இதுதான் ரொம்பப் பேரைக் குழப்புவது: சூரியனின் நடுவிலேயே கறுப்பு வட்டம். கிழக்கே பார்த்த கேமராவில் காலையில் சூரியன் மலைக்கு மேல் வந்ததும் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். "சூரியனுக்கு முன்னால் ஒரு கிரகம் வந்திருக்கிறது" என்று வீடியோ சுற்றுவது இதை வைத்துத்தான். நடப்பது இது: பால் சொசைட்டியில் முதலில் காலி கேனை எடை போட்டு, பிறகு பாலோடு போட்டு, இரண்டையும் கழித்துப் பால் எவ்வளவு என்று எடுப்பார்கள் இல்லையா, கேமராவுக்குள் இருக்கும் சிமாஸ் வகை சென்சாரும் அப்படித்தான். ஒவ்வொரு பிக்ஸலையும், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்குமான குட்டிக் கட்டத்தையும், காலியாக்கி ஒருமுறை படிக்கும், வெளிச்சம் விழுந்த பிறகு ஒருமுறை படிக்கும், கழிக்கும். சூரியன் நேராக விழும் இடத்தில், "காலி" என்று படிக்கும் அந்தக் கணத்துக்குள்ளேயே பிக்ஸல் நிறைந்துவிடுகிறது. நிறைந்ததிலிருந்து நிறைந்ததைக் கழித்தால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் படத்தில் கறுப்பு. ஒரு மேகம் குறுக்கே வந்து வெளிச்சம் குறைந்தால் கறுப்பு மறைந்து சூரியன் வெள்ளையாகிவிடும், அதை வைத்து உறுதி செய்யலாம். கேமராவைச் சூரியனுக்கு நேரே விட்டுவைக்காமல் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நம் கண்ணால் நேராகப் பார்த்துச் சோதிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மலைக்கு மேலே பச்சை விளக்கு என்று வருவது லென்ஸுக்குள் ஏற்படும் எதிரொளி. படத்தில் எங்காவது ஒரு பலமான விளக்கு இருக்கும், தெருவிளக்கோ நிலவோ. அந்த விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு நேர்க்கோடு போடுங்கள். கோடு மறுபக்கம் போய் அந்தப் பச்சைப் புள்ளியைத் தொட்டால் சந்தேகமே வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமானால், ஒருவர் ஏணியில் நின்று தெருவிளக்கை மட்டும் லென்ஸிலிருந்து உள்ளங்கையால் மறைக்கட்டும், பச்சை உடனே போய்விடும். 2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம் நினைவிருக்கும், கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் வளையமாகத் தெரிந்தது, நமக்குப் பகுதிக் கிரகணம்தான். அன்றைக்குப் போனில் எடுத்தவர்கள் படத்தில் சூரியன் வெறும் வெள்ளைப் பிழம்பாகத்தான் விழுந்தது, ஆனால் மறுபக்கத்தில் குட்டியாக, தலைகீழாக ஒரு பிறை இருந்தது. அது இந்த எதிரொளிதான், பிரகாசம் குறைந்ததால் கடித்த வடிவம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

வெயில் காலத்தில் முளைக்கும் நட்சத்திரங்கள்

கத்திரி வெயிலில் சில கேமராக்களில் ராத்திரிப் படத்தில் அசையாத வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும், கலரில் எடுத்தால் சிவப்பு, நீலமாகவும் இருக்கும். ஹாட் பிக்ஸல் என்போம். வெளிச்சமே விழாவிட்டாலும் சூட்டினால் பிக்ஸலில் கொஞ்சம் மின்னோட்டம் சேரும், ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி சூடு ஏறினால் அது இரட்டிப்பாகும். பகல் முழுக்க வேலூர் வெயிலில் வெந்த இரும்புப் பெட்டிக்குள், 40 டிகிரிக்கு மேல் சுட்ட சுவரில் இருக்கும் சென்சார் ராத்திரி 9 மணிக்கும் ஆறியிருக்காது. மார்கழியில் அதே கேமராவில் அந்தப் புள்ளிகள் இருக்காது, இல்லை மங்கலாக இருக்கும்.

சோதனை சுலபம். ஐஆரை அணைத்துவிட்டு, லென்ஸை மடித்த கறுப்புத் துணியால் வெளிச்சம் புகாதபடி மூடுங்கள். அப்போதும் தெரிகிற புள்ளி எல்லாம் சென்சாருடையது. அந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள், பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. நம் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகத்தைப் போன்ற இடங்களில் வானியலாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். மூடி வைத்து எடுத்த இருட்டுப் படத்தை உண்மையான படத்திலிருந்து கழிப்பார்கள், சீரான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துத் தூசி நிழலையும் சரிசெய்வார்கள், சென்சாரையே குளிர வைத்துப் பயன்படுத்துவார்கள். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986-ல் வந்தது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்ததும் காவலூர் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது, எங்களுக்கு இன்னும் அது வட ஆற்காட்டு மலைதான். ஒரு புள்ளியைப் புதுக் கோள் என்று சொல்வதற்கு முன்னால் அது தூசியா, சூடா என்று அவர்களே இவ்வளவு பார்க்கிறார்கள் என்றால், நாமும் ஒரு கறுப்புத் துணியை எடுத்து மூடிப் பார்க்கலாம். சூரியனைப் பார்க்கும் சோஹோ விண்கலப் படங்களிலும் இதே கதைதான். நடுவில் தெரியும் வட்டு சூரியனை மறைக்க வைத்த தகடு, பறக்கும் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் கோடு நீண்டிருப்பது பிரகாசமான கிரகம் சென்சாரை நிறைத்து வழிந்தது, பொரிப் பொரியாக விழுவது அண்டக் கதிர்.

நிறம் மாறாமல், குளிரிலும் போகாமல் நிற்கும் புள்ளி என்றால் பிக்ஸல் பழுது. கல்யாண மண்டபத்திலும் கச்சேரி மேடையிலும் லேசர் விளக்கு நேராகக் கேமராவில் பட்டால் இப்படி நிரந்தரமாகப் புள்ளியோ கோடோ விழும், அதைச் சரிசெய்ய முடியாது. சில கேமராக்களில் பழுதான பிக்ஸலை மறைக்க டிபிசி என்ற செட்டிங் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

கரண்ட் செய்யும் வேலை

பகலில் நன்றாக இருந்து, இருட்டியதும் படம் விட்டு விட்டு வெள்ளையாகி அணைந்தால் பேய் தேடாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள். ஐஆர் எரிய ஆரம்பித்ததும் கேமரா அதிக மின்சாரம் இழுக்கும், தேய்ந்த அடாப்டரோ நீளமான மெல்லிய ஒயரோ 12 வோல்ட்டைத் தாங்காது. கேமரா முனையில் மீட்டர் வைத்து, ஐஆர் எரியும்போது அளக்க வேண்டும், சும்மா அளந்தால் சரியாகத்தான் காட்டும்.

டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு ஓடினால் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 50 ஆக்குங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. லேப்டாப் வெப்கேமுக்கும் இதே மருந்து. மின்னல் அடித்த கணத்தில் படத்தின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி இருட்டு என்று நேர்க்கோட்டில் வெட்டினாற்போல வந்தால், சென்சார் வரி வரியாகப் படிப்பதுதான் காரணம், மின்னல் பாதி வரியில் வந்து போய்விட்டது. பகலில் செடியெல்லாம் ஊதா கலந்து தெரிந்தால் அந்த ஐஆர் தடுப்புக் கண்ணாடி சிக்கிக்கொண்டிருக்கிறது.

உண்மையாகவே வெளியே இருப்பவை

ஸ்டிக்கர் பொட்டுச் சோதனையில் மரத்தோடு சேர்ந்து நகர்ந்த வெளிச்சம் என்றால், அது வெளியே இருக்கிறது. விமானத்துக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, கூடவே வெள்ளை மின்னும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறோம், ராத்திரி முழுக்க வரும். மின்னாமல் ஒரே சீராகச் சில நிமிடம் நகர்ந்து பூமியின் நிழலுக்குள் மறைந்தால் பன்னாட்டு விண்வெளி நிலையமாக இருக்கலாம். பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க், 2019 மே மாதம் முதல் தொகுதி 60 செயற்கைக்கோள்கள் போனதிலிருந்து இந்தக் காட்சி வருகிறது. மேற்கே சாயங்காலமும் கிழக்கே விடியற்காலையும் அசையாமல் நிற்கும் பெரிய வெளிச்சம் பெரும்பாலும் வெள்ளி. தேதியையும் நேரத்தையும் போட்டு ஏதாவது வானப்பட ஆப்பில் பார்த்தால் உடனே சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் வானம் என்றால் ஒரு தனிப் பயம் உண்டு. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடித்து ஓர் உயிர் போனது, விண்கல் என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள், பிறகு படங்களைப் பார்த்த நாசா தரப்பினர் அது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அதனால் வானத்தில் ஏதாவது தெரிந்தால், குரூப்பில் போடுவதற்கு முன் கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, எத்தனை மணி, எவ்வளவு நேரம் தெரிந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று நான்கையும் எழுதிவையுங்கள். வேறு திசையில் மாட்டிய இன்னொரு வீட்டுக் கேமராவிலும் அதே நேரத்தில் தெரிந்ததா என்று கேளுங்கள். இரண்டிலும் இருந்தால் அது பூச்சியும் இல்லை, எதிரொளியும் இல்லை.

போன பங்குனியில் ஒடுகத்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அண்ணன் போன் செய்தார். மோட்டார் கொட்டகைக் கேமராவில், தூரத்து மலைச்சரிவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. "நீ சொன்ன ஹாட் பிக்ஸல்னு நெனச்சேன் தம்பி, துணி போட்டு மூடுனேன், காணாம போயிடிச்சி. கேமராவத் திருப்புனேன், மலையோட சேந்து நகருது. பத்து நிமிஷத்துல ரெண்டு புள்ளியா ஆயிடிச்சி" என்றார். நான் படத்தைக் கேட்கவே இல்லை, உடனே 101-க்குப் போடுங்கள் என்றேன். காய்ந்த புல்லில் பிடித்த தீ.